இத்தாலியின் சிவப்பு ஒயின்கள்: புளிப்பையும் துவர்ப்பையும் பிடித்துக்கொண்டு போகும் வழி

ஆசைப்பட்டு நான் வாங்கிய முதல் இத்தாலிய பாட்டிலில் மோன்டெபுல்சானோ என்று போட்டிருந்தது. நடு இத்தாலியின் டஸ்கனி பிரதேசத்தில் மலைமேல் இருக்கும் மோன்டெபுல்சானோ ஊரின் ஒயினைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். அது இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து லேபிளை நிதானமாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் வாங்கியது மோன்டெபுல்சானோ என்ற திராட்சையில் செய்த ஒயின். அது விளைவது அட்ரியாட்டிக் கடலோரத்து அப்ருட்ஸோவில். மோன்டெபுல்சானோ ஊர்க்காரர்கள் ஒயின் செய்வதோ சான்ஜோவேசே என்கிற வேறொரு திராட்சையில். ஊர் பெயர் ஒன்று, திராட்சை பெயர் அதே ஒன்று, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை!

இத்தாலியில் இது சாதாரணம். நாட்டின் 20 பிரதேசங்களில் திராட்சை விளையாத பிரதேசம் ஒன்றுகூட இல்லை. ஒயினுக்குப் பயிராகும் ரகங்கள் 350-க்கும் மேல். ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் வேறு. பட்டியலை மனப்பாடம் செய்யக் கிளம்பியவர்கள் பாதியில் கைவிட்டதைத்தான் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது நாக்குதான். இத்தாலியச் சிவப்பு ஒயின்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இரண்டு சுவைகள்: புளிப்பு, துவர்ப்பு. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: பாட்டிலுக்கு முன்னால் தேநீர்

துவர்ப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். அறுசுவையில் அதற்கு ஓர் இடமே உண்டு. நாவல்பழம் தின்றதும் நாக்கு தடித்துப்போன மாதிரி இருக்குமே, பாக்கு மென்றால் கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்குமே, அதுதான் ஒயினில் டானின் செய்யும் வேலை. திராட்சையின் தோல், விதை, காம்பிலிருந்தும், ஒயின் ஊறும் மரப்பீப்பாயிலிருந்தும் டானின் இறங்குகிறது. அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வழவழப்பு போய் உலர்ந்துவிடுகிறது.

இதை ஒயின் இல்லாமலே பழகிக்கொள்ளலாம். ஒரே தேயிலையில் பால் இல்லாமல் இரண்டு கோப்பை போடுங்கள். ஒன்றை இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள், மற்றதைப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். இரண்டாவதைக் குடித்துவிட்டு முன்பற்களை நாக்கால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். இப்போது அதில் கொஞ்சம் பாலை ஊற்றிக் குடியுங்கள். துவர்ப்பு சட்டென்று அடங்கும், ஏனென்றால் டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிட்டது. கெட்டியான ஒயினோடு பாலாடைக்கட்டியும் இறைச்சியும் ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு விடை அந்தக் கோப்பையிலேயே இருக்கிறது.

புளிப்பு இதற்கு நேர் எதிர்: துவர்ப்பு வாயை உலர்த்தும், புளிப்பு ஊற வைக்கும். ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தலையைச் சற்றுக் குனியுங்கள். தாடையின் இரு ஓரத்திலும் எச்சில் எவ்வளவு சுரக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டு சோதனையும் கைவந்துவிட்டால் பழம், பூ, புகையிலை, தோல் என்று நீளும் வர்ணனைகள் பிறகு தானாக வரும். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

படி 2: லேபிளிடம் ஒரே ஒரு கேள்வி

லேபிளைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: இது ஊரின் பெயரா, திராட்சையின் பெயரா? பரோலோ, கியாந்தி, தவுராசி எல்லாம் இடங்கள். என்ன திராட்சை என்று அந்த லேபிள்கள் பெரும்பாலும் சொல்லாது. உங்களுக்கே தெரிந்திருக்கும் என்று நம்புகிறது. பார்பெரா தாஸ்தி என்றால் ஆஸ்தியில் விளைந்த பார்பெரா, இரண்டுமே இருக்கிறது. என்னை ஏமாற்றிய பாட்டிலிலும் முழுப்பெயர் ‘மோன்டெபுல்சானோ தாப்ருட்ஸோ’. பின்பாதியை நான்தான் படிக்கவில்லை. ஊர் ஒயினாக இருந்திருந்தால் ‘வீனோ நோபிலே தி மோன்டெபுல்சானோ’ என்று இருந்திருக்கும்.

அடுத்து டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி., ஐ.ஜி.டி. என்ற எழுத்துகள். டி.ஓ.சி. முறைக்கான சட்டம் 1963-ல் வந்தது. எந்த எல்லைக்குள், எந்த ரகத்தை, எவ்வளவு விளைச்சலோடு, எத்தனை காலம் ஊறவைத்து விற்க வேண்டும் என்று அது கட்டுகிறது. அதைவிடக் கண்டிப்பான டி.ஓ.சி.ஜி. 1980-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த பாட்டில்களின் கழுத்தில் வரிசை எண் போட்ட அரசுச் சீட்டு ஒட்டியிருக்கும். தளர்வான ஐ.ஜி.டி. 1992-ல் சேர்ந்தது.

இந்த எழுத்துகள் விதிமுறைக்குத்தான் சான்று, ருசிக்கு இல்லை. டஸ்கனி ஒயின்களான சாஸ்ஸிகாயா 1968 அறுவடையோடும், தின்யானெல்லோ 1971 அறுவடையோடும் சந்தைக்கு வந்தன. விதிக்கு உட்படாத வகையில் செய்ததால், உலகமே விலை கொடுத்து வாங்கிய அவை பல வருடம் வெறும் ‘மேசை ஒயின்’ என்ற கடைசிப் படியில் விற்றன. ‘சூப்பர் டஸ்கன்’ என்ற செல்லப்பெயர் அப்படி வந்ததுதான். ஐ.ஜி.டி. பிறந்ததற்கு அந்தச் சங்கடமும் ஒரு காரணம். மறுபக்கம், 1986-ல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரத்தில் இத்தாலியர்கள் இன்று காட்டும் கறாருக்குப் பின்னால் அந்த அவமானமும் இருக்கிறது.

இன்னும் மூன்று சொற்கள் போதும். ரிசெர்வா என்றால் கூடுதல் காலம் ஊறியது. கிளாசிகோ என்றால் அந்த வட்டாரத்தின் பழைய மையப்பகுதி. சுபெரியோரே என்றால் பெரும்பாலும் ஆல்கஹால் சற்றுக் கூட. என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தகவல், செய்தவரின் பெயர். நல்ல கையின் சாதாரண பாட்டில், சோம்பேறிக் கையின் ரிசெர்வாவை விட எப்போதும் மேல்.

படி 3: குளிரும் கோப்பையும்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற வாசகத்தை எழுதியவர் வாழ்ந்தது ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீட்டில். அவர் சொன்னது 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறையின் 32 டிகிரியில் நல்ல பரோலோகூட இருமல் மருந்து போல ஆல்கஹால் நெடி அடிக்கும். கெட்டியான ஒயினைப் பரிமாறுவதற்கு முன் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். டோல்செட்டோ, லம்ப்ரூஸ்கோ போன்ற இலகுவானவற்றை ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைக்கலாம்.

கோப்பை ஒரே மாதிரி, வாய் குறுகி வயிறு அகன்றதாக நான்கு இருந்தால் போதும். ரகத்துக்கு ஒரு கோப்பை வாங்குவது கடைக்காரருக்கு நல்லது. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். 750 மில்லி பாட்டில் ஒன்றை ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்குச் சுமார் 125 மில்லி வரும். ஒப்பிட அதில் பாதியே போதும். பெரும்பாலும் 13-லிருந்து 16 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள சரக்கு இது. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைப்பதில் வெட்கம் வேண்டாம், தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டியவர் கோப்பையைத் தொடவே வேண்டாம்.

திறந்ததும் முதலில் முகருங்கள். நனைந்து ஊறிய அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கையில் கோளாறு. ஒயினைக் குறை சொல்லாமல் பாட்டிலை மாற்றுங்கள்.

படி 4: பார்பெராவும் டோல்செட்டோவும்

இரண்டும் வடமேற்கே பீட்மான்ட் பிரதேசத்தவை, அங்கே தினசரிச் சாப்பாட்டு மேசையில் இருப்பவை. பார்பெராவில் புளிப்பு அதிகம், துவர்ப்பு மிகக் குறைவு. டோல்செட்டோவில் புளிப்பு குறைவு, துவர்ப்பு கண்ணில் படும் அளவுக்கு உண்டு. அடுத்தடுத்து வைத்துக் குடித்தால் தேநீரில் பழகிய இரண்டு சோதனையும் உடனே பலிக்கும். டோல்செட்டோ என்றால் ‘குட்டி இனிப்பு’ என்று பொருள். ஆனால் ஒயினில் இனிப்பே இருக்காது. பெயரை நம்பி ஏமாந்தவர்கள் சங்கத்தில் இதை வாங்கியவர்களும் சேரலாம்.

மிளகாய்க் காரத்தோடு எது ஒத்துப்போகும் என்று கேட்டால் நான் குளிர்ந்த பார்பெராவைத்தான் சொல்வேன். துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தை இன்னும் மூட்டிவிடும். பார்பெராவில் முதலாவது மிகக் குறைவு.

படி 5: சான்ஜோவேசே, மூன்று பாட்டிலில்

இத்தாலியில் மிக அதிகமாகப் பயிராகும் சிவப்பு ரகம் இது. ரோமானியக் கடவுள் ஜூபிடரின் ரத்தம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். நிறம் நடுத்தரம், புளிப்பு தூக்கல், துவர்ப்பு கணிசம், மணம் புளிச்செர்ரி. அதோடு காய்ந்த மூலிகை மாதிரி ஏதோ ஒன்று. தக்காளி போட்ட எதனோடும் இது சேர்வதற்குக் காரணம் அந்தப் புளிப்புதான். சாப்பாட்டின் புளிப்புக்கு ஈடு கொடுக்காத ஒயின் தக்காளிக்கு முன்னால் சப்பென்று ஆகிவிடும்.

முதல் பாட்டில் கியாந்தி கிளாசிகோ. 1716-லேயே டஸ்கனியை ஆண்ட மெடிசி குடும்பத்து மூன்றாம் கோசிமோ கியாந்தியின் எல்லையை வரையறுத்து ஆணை போட்டார். ஓர் ஒயின் வட்டாரத்துக்குச் சட்டப்படி எல்லை கட்டிய ஆரம்பகால உதாரணங்களில் அது ஒன்று. இன்று கியாந்தி கிளாசிகோவில் 80 சதவீதமாவது சான்ஜோவேசே இருக்க வேண்டும். ஒரு காலத்தில் வெள்ளைத் திராட்சையும் கலந்தார்கள். ஒயின் வெளிறிப்போய், வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டிலில் அடைத்து விற்கப்பட்டு, காலியானதும் உணவகங்களில் மெழுகுவர்த்தித் தாங்கியாக முடிந்தது. 2006 அறுவடையிலிருந்து கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்குத் தடை. கழுத்தில் கருஞ்சேவல் முத்திரையைத் தேடுங்கள். சேவல் இல்லாத வெறும் கியாந்தி, சுற்றுவட்டாரத்தின் பெரிய, எளிய பிரிவு.

இரண்டாவது ரோஸ்ஸோ தி மோன்டால்சீனோ, மூன்றாவது புருனெல்லோ தி மோன்டால்சீனோ. இரண்டும் தெற்கு டஸ்கனியின் ஒரே குன்று, இரண்டும் நூற்றுக்கு நூறு சான்ஜோவேசே. ரோஸ்ஸோ அறுவடைக்கு அடுத்த ஆண்டே கடைக்கு வரலாம். புருனெல்லோ அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருடமாவது மரத்தில். இந்த இரண்டையும் ஒன்றாகத் திறந்து பார்ப்பதைப் போல ஒரு பாடம் வேறில்லை. ரோஸ்ஸோவில் பழம் முன்னால் நின்று பேசும். புருனெல்லோவில் அது பின்னுக்குப் போய், உலர்ந்த பூவும் தோலும் மண்ணும் முன்னுக்கு வரும். துவர்ப்பு கூடுதலாக இருந்தும் உறுத்தாது. 2008-ல் புருனெல்லோவில் வேறு திராட்சை கலக்கிறார்கள் என்று விசாரணையே நடந்தது. விதியைத் தளர்த்தலாமா என்று அதே ஆண்டு உற்பத்தியாளர்களிடம் வாக்கெடுத்தபோது, பெரும்பான்மை சான்ஜோவேசே மட்டும் என்றே நின்றது. பணம் கட்டுப்படியாகாவிட்டால் புருனெல்லோவைத் தள்ளிப்போடுங்கள், நல்ல கையின் ரோஸ்ஸோ எனக்குப் பல நாள் அதைவிடப் பிடித்திருக்கிறது.

படி 6: நெப்பியோலோ, அவசரமில்லாமல்

மீண்டும் பீட்மான்ட். ஆல்பா ஊரைச் சுற்றிய லங்கே குன்றுகள். மொட்டு விடுவதில் முந்தி, பழுப்பதில் பிந்தி நிற்கும் ரகம் இது. அக்டோபரில் பனிமூட்டம் இறங்கும்போதுதான் பறிப்பார்கள். மூடுபனியைக் குறிக்கும் நெப்பியா என்ற சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அந்தத் தெற்கு முகத்தை நெப்பியோலோவுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் பார்பெராவுக்கும் டோல்செட்டோவுக்கும் இடம்.

கோப்பையில் ஊற்றிச் செய்தித்தாளின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். தலைப்புச் செய்தியைப் படித்துவிடலாம், அவ்வளவு வெளிர். ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருக்கும். இவ்வளவு சோனியாக இருக்கிறதே என்று ஒரு வாய் நிறையக் குடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். புளிப்பும் துவர்ப்பும் இரண்டுமே உச்சத்தில் இருக்கும் ரகம் இது. ஈறு வரை இறுக்கிப் பிடிக்கும். நிறத்தை வைத்து ஒயினின் கனத்தை எடைபோடும் பழக்கம் அந்த ஒரு வாயோடு போய்விடும். மணத்துக்கு ரோஜாவும் தாரும் என்று பழைய வர்ணனை ஒன்று உண்டு. நான் நம்பவில்லை, புதிதாகத் தார் போட்ட சாலையில் பூக்காரி கூடையோடு கடந்துபோன மாதிரி ஒருநாள் வரும்வரை.

வரிசை முக்கியம். முதலில் லங்கே நெப்பியோலோ: இளசு, மலிவு, பெயரிலேயே திராட்சை. பிறகு பார்பரெஸ்கோ, குறைந்தது 26 மாதம் ஊறியது. கடைசியில் பரோலோ, குறைந்தது 38 மாதம், அதில் 18 மரத்தில். ரிசெர்வாவுக்கு 62 மாதம். பரோலோ 11 கிராமங்களில் விளைகிறது. மேற்கே லா மோர்ரா பக்கத்து மண்ணில் மணமும் மென்மையும் கூடும் என்பார்கள். கிழக்கே செர்ரலுங்கா பக்கம் விளைவது கெட்டி, பத்து வருடம் கேட்கும். இளம் பரோலோவைத் திறந்தால் அகன்ற ஜாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். பழையதாக இருந்தால் முதல்நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும். கடைசி இரண்டு விரல் ஒயினை ஊற்ற வேண்டாம்.

1980-களில் இங்கே குடும்பங்களே பிரியும் அளவுக்கு ஒரு சண்டை நடந்தது. பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் பழைய பெரும் பீப்பாய்களில் வருடக்கணக்கில் ஊறவைப்பதா, 225 லிட்டர் பிரெஞ்சுச் சிறு பீப்பாய்களில் வைத்துச் சீக்கிரமே மென்மையாக்குவதா என்று. சிறு பீப்பாய் வெனிலா மணத்தையும் கூடவே ஏற்றிவிடும். இன்று பெரும்பாலானவர்கள் நடுவழிக்கு வந்துவிட்டார்கள். என் ஓட்டு பெரும் பீப்பாய்க்கு. ரோஜாவின் மேல் வெனிலா எதற்கு?

பரோலோ விலை கையைக் கடித்தால் இதே நெப்பியோலோவை வேறு பெயரில் தேடுங்கள். வடக்கு பீட்மான்டின் கத்தினாராவில் இதற்கு ஸ்பான்னா என்று பெயர். ஆல்ப்ஸ் சரிவில் கல்சுவர் படிக்கட்டுகளில் பயிரிடும் வால்தெல்லீனாவில் கியாவென்னாஸ்கா.

படி 7: நிழலில் உலர்ந்த திராட்சை

வெரோனா ஊருக்கு அருகே வால்போலிசெல்லாவில் ரகத்தை விடச் செய்முறைதான் பெரிது. கொர்வீனா, கொர்வினோனே, ரொன்டினெல்லா என்று எல்லா பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே திராட்சைக் கூட்டம். உடனே பிழிந்தால் இலகுவான வால்போலிசெல்லா. பழுத்த குலைகளைக் காற்றோட்டமான பரணில் தட்டுகளில் பரப்பி, வெயில் படாமல் நூறு நாளுக்கு மேல் வாட விட்டால், எடையில் மூன்றில் ஒரு பங்கு நீராகப் போய்விடும். அந்தச் சுருங்கிய பழத்தைக் குளிர்காலத்தில் பிழிந்து, இனிப்பு மிஞ்சும்போதே நொதிப்பை நிறுத்தினால் பழைய பாணி ரெச்சோத்தோ. சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாகும் வரை விட்டால் அமரோனே. கசப்பு என்ற பொருளுள்ள அமாரோவிலிருந்து வந்த பெயர் அது. குறைந்தபட்ச ஆல்கஹாலே 14 சதவீதம், பல பாட்டில்களில் 15, 16 வரை போகும்.

அமரோனே பிழிந்த சக்கையின் மேல் சாதாரண வால்போலிசெல்லாவை ஊற்றி மறுபடி நொதிக்க விட்டால் ரிபாஸ்ஸோ. இரண்டாம் தேங்காய்ப்பால் எடுப்பது போல, சக்கையில் மிச்சமிருக்கும் சத்தெல்லாம் இதில் இறங்கும். வால்போலிசெல்லா, ரிபாஸ்ஸோ, அமரோனே என்ற வரிசையில் ஒரே செய்தவரின் மூன்று பாட்டிலையும் ஒரே மாலையில் வையுங்கள். அமரோனேவைச் சாப்பாட்டோடு குடிக்க எனக்குப் பிடிப்பதில்லை. கடைசியில், முற்றிய பாலாடைக்கட்டியோடு ஒரு சிறு கோப்பை போதும்.

படி 8: தெற்கே

தெற்கில் எல்லாம் வெயில் ஒயின், கனமும் இனிப்பும் என்ற பேச்சைப் பாதிதான் நம்ப வேண்டும். புலியாவின் பிரிமிதீவோ அப்படித்தான்: பழுத்த பழம், தாராளமான ஆல்கஹால், மழுங்கிய துவர்ப்பு. சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர் அது. கலிபோர்னியாவின் சின்ஃபாண்டலும் இதுவும் ஒன்றே என்று 1990-களில் டி.என்.ஏ. சோதனை உறுதி செய்தது, வேர் குரோஷியாவில் என்பது 2001-ல் தெரிந்தது. அதே புலியாவின் நெக்ரோஅமாரோ சற்றுக் கசப்பும் மண்வாசனையும் கொண்டது. சிசிலியின் நேரோ தாவோலா புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல வாசல். சார்தீனியாவின் கன்னோனாவு, பிரான்ஸில் கிரெனாஷ் எனப்படும் ரகத்தின் இன்னொரு பெயர்.

நின்று கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று அல்யானிகோ. கம்பானியாவின் தவுராசியிலும், பசிலிகாட்டாவில் அணைந்த எரிமலையான வுல்தூரேயின் சரிவிலும் விளைகிறது. தெற்கே இருந்தாலும் உயரமான நிலம், பிந்திய அறுவடை. கருத்த நிறம், நெப்பியோலோவுக்கு இணையான புளிப்பும் துவர்ப்பும், விலை அதில் பாதிக்கும் கீழே. இரண்டாவது சிசிலியின் எட்னா. இன்னும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலையின் சரிவில், ஆயிரம் மீட்டர் உயரம் வரை நெரெல்லோ மாஸ்கலேசே வளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை அழித்த ஃபைலோக்சரா பூச்சி எரிமலை மணலில் சரியாகப் பரவ முடியாததால், வேறு வேரில் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே நிற்கும் மிகப் பழைய கொடிகள் இங்கே இன்னும் உண்டு. ஒயின் வெளிர் நிறம், மெலிந்த உடல், கூர்மையான துவர்ப்பு, லேசான புகை.

நடுவில் விட்டுப்போனவை: உம்பிரியாவின் சக்ரான்தீனோ, துவர்ப்பில் எல்லாரையும் தோற்கடிக்கும். எமிலியாவின் லம்ப்ரூஸ்கோ, நுரைக்கும் சிவப்பு. இனிப்பில்லாததைக் கேட்டு வாங்கி நன்றாகக் குளிர வைத்துக் குடியுங்கள்.

படி 9: பாட்டிலுக்குச் சாக்கு போட்டு

இத்தனையும் ஒரு சுற்று வந்த பிறகு ஒரு மாலை நான்கு பாட்டில் எடுங்கள்: பார்பெரா, கியாந்தி கிளாசிகோ, லங்கே நெப்பியோலோ, எட்னா. யாராவது ஒருவர் அவற்றைக் காகிதப் பையில் சுற்றி எண் போட்டு ஊற்றட்டும். தாளில் இரண்டே கட்டம்: புளிப்பு ஐந்துக்கு எத்தனை, துவர்ப்பு ஐந்துக்கு எத்தனை. பெயரைக் கடைசியில் எழுதுங்கள். பார்பெரா முதல் வாயிலேயே மாட்டிக்கொள்ளும், துவர்ப்புக் கட்டம் காலியாக நிற்கும். கியாந்தியைப் புளிச்செர்ரி காட்டிக்கொடுக்கும். எட்னாவும் நெப்பியோலோவும் வெளிர் நிறத்தில் அக்கா தங்கை மாதிரி நிற்கும். போன மாதம்கூட அவற்றை நான் மாற்றித்தான் எழுதினேன். ஊற்றிய நண்பர் பையை உருவிக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.